காவலாளி ஆண்டிச்சாமி என்னை எழுப்பியது குறித்து

அனுப்புநர்:
து. கனகலட்சுமி,
இடைநிலை ஆசிரியை,
மேலத் தெரு, விளாங்குடி,
மதுரை.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
ஏழுபடுக்கை மலைப் பாதுகாப்பு அலுவலகம்,
மதுரை.

பொருள்: ஏழுபடுக்கை மலை – தற்காலிகக் காவலாளி திரு. ஆண்டிச்சாமி பணிநீக்கம் செய்யப்பட்டது – அதற்குக் காரணமான என் புகாரைத் திரும்பப் பெறுதல் – அதில் விடுபட்ட கனவைச் சேர்த்தல் – அவரை மீண்டும் பணியில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் புகார் மனு, நாள் 5-9-1983.
2. தங்கள் அலுவலகப் பதில், நாள் 19-9-1983.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவள் நான்தான். அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஆனாலும் அந்தப் புகார் ஒரு நல்ல மனிதரின் வேலையைப் பறித்துவிட்டது. உண்மையை மட்டும் எழுதி ஒருவரை எப்படிக் கெடுக்க முடியும் என்பதை விளக்கவே இந்த மனு. இது நீளமாக இருக்கும். தாங்கள் மதியச் சாப்பாடு முடிந்து, கண் லேசாகச் சொக்கும் நேரத்தில் இதைப் படித்தால் எனக்கு வசதியாக இருக்கும்.

2. முதல் புகாரில் நான் எழுதியது இவ்வளவுதான்: "2-9-1983 வெள்ளிக்கிழமை நண்பகலில் மேற்படி மலையின் குகைத்தளத்தில் நான் தனியாக உறங்கிக்கொண்டிருந்தேன். அப்போது காவலாளி கையில் கல்லுடன் என் தலைமாட்டில் நின்றார். நான் திடுக்கிட்டு விழித்தேன். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரித்தார். தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." தனியாக இருந்த பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டதற்காக மேற்படி காவலாளி நீக்கப்பட்டார் என்று தங்கள் அலுவலகம் இரண்டே வாரத்தில் பதில் அனுப்பியது. அரசாங்கத்தில் இவ்வளவு வேகம் நான் பார்த்ததில்லை. தங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. அந்தப் புகாரில் நான் விட்டது ஒரு கனவு. மறந்து விடவில்லை, வெட்கப்பட்டு விட்டேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். கனவு என்பது களைத்த மூளை தனக்குத்தானே பேசிக்கொள்வது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, நாற்பத்திரண்டு பிள்ளைகளையும் நோட்டில் எழுத வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள், "என் கனவைப் பாதியில் கலைத்துவிட்டார்" என்று ஓர் அரசு அலுவலகத்துக்கு எப்படி எழுதுவேன்? படித்தவள் என்ற மிடுக்கு விடவில்லை. கனவை எடுத்துவிட்டு மிச்சத்தை எழுதினேன். மிச்சத்தில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் ஒரு கல்லும்தான் இருந்தார்கள்.

4. நான் மலைக்குப் போன காரணத்தை இனிச் சொல்ல வேண்டும். என் கணவர் துளசிராம் சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தார். எந்தச் சோப்புப் போட்டாலும் அவர் விரல்களில் நீலம் போகாது. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூடக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். 1976 கார்த்திகையில் ஒரு நாள், சோழவந்தானில் ஒரு சிநேகிதரைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி, காலை பஸ்ஸில் போனார். சிநேகிதர் வீட்டுக்கு அவர் போகவே இல்லை. பஸ்ஸிலிருந்து சோழவந்தானில் இறங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்கால்களிலும் ஆற்றுப்படுகையிலும் நாங்கள் தேடாத இடம் இல்லை. போலீசில் எழுதிக்கொடுத்தோம். வீட்டில் சண்டை கிடையாது, மனக்கசப்பு கிடையாது. அன்று நான் வைத்திருந்தது கத்தரிக்காய்க் குழம்பு.

5. வருகிற கார்த்திகையோடு ஏழு வருடம் முடிகிறது. என் கணவரின் அண்ணன் ஹரிராம், இனிச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்கிறார். நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "அவன் இல்லையென்றால் பசியோடு அலைவான், அம்மா. இருந்தால் நம்மை மன்னிப்பான்." சொல்லும்போது அழுதார். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அந்தச் சடங்கு நடந்தால் என் கழுத்தில் இருப்பதைக் கழற்ற வேண்டும். ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதை அவருடைய மனைவியின் கழுத்தை வைத்து முடிவு செய்யச் சொல்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடம் கேட்பது?

6. அப்போதுதான் மலையிடம் கேட்கலாம் என்று தோன்றியது. தங்கள் அலுவலகக் கோப்பில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமண முனிவர்கள் வெட்டிய ஏழு கற்படுக்கைகள், ஒரு புடைப்புச் சிற்பம், ஓர் இயற்கைச் சுனை, பாதுகாக்கப்பட்ட காடு என்று இருக்கும். கீழே உள்ள ஊர்க்காரர்களுக்கு அது கனவு கேட்கும் மலை. ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் வெறும் வயிற்றோடு ஏற வேண்டும். சுனையில் ஒரு கை தண்ணீர் குடிக்க வேண்டும். பாறையில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் சாமியிடம் கேள்வியை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். இரண்டாம் முறை சொன்னால் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தமாம். பிறகு ஒரு படுக்கையில் படுத்துவிட வேண்டும். முதல் படுக்கையில் மட்டும் படுக்கக் கூடாது, அது மூத்த முனிவருடையது. காணாமல் போனவரைப் பற்றிக் கேட்டால், அவர் சுனையின் அக்கரையில் வந்து நிற்பார். நம் பக்கம் வந்தால் உயிரோடு இருக்கிறார். மலை உச்சியைப் பார்த்துப் போனால் இல்லை. படுத்திருப்பவரை யாரும் தொடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எழுப்புவதென்றால் சுனையில் எடுத்த இரண்டு கூழாங்கற்களைத் தலைமாட்டில் தட்டுவார்கள். இந்த ஒரு வழக்கத்தை நான் முதல் புகாரில் எழுதியிருந்தால் போதும். கையில் கல் ஏன் என்று தங்களுக்கு விளங்கியிருக்கும்.

7. 2-9-1983 அன்று பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கோச்சடை வழியாகப் பஸ் பிடித்து, அடிவாரத்தில் இறங்கி ஏறினேன். பாதி மலையில் திரும்பிப் பார்த்தால் வைகையில் தண்ணீர் ஒரு கோடுதான், மிச்சமெல்லாம் மணல். அதற்கு அப்பால் தென்னையும் கொடிக்காலும். கிழக்கே வெயில் புகையில் கோபுரங்கள் இருப்பது போலவும் இல்லாதது போலவும் தெரிந்தன. உசிலை மரங்களுக்குள் ஒரு மயில் எனக்கு முன்னால் அவசரமில்லாமல் நடந்துகொண்டே இருந்தது. குகைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. நான் சொல்ல வேண்டியதை உட்கார்ந்த சாமியிடம் ஒரே முறை சொன்னேன். மூன்றாவது படுக்கையில் படுத்தேன். கல் என்றாலும் உறுத்தவில்லை. எத்தனையோ பேர் படுத்துப் படுத்து, முதுகுக்குத் தோதாக ஒரு குழி விழுந்திருக்கிறது. தலை வைக்கும் இடம் கொஞ்சம் உயர்த்தி வெட்டியிருக்கிறது. சுனையிலிருந்து கிளம்பிய வெளிச்சம் குகையின் கூரையில் அலை அலையாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போது தூங்கினேன் என்று சொல்ல முடியாது. கூரை ஓடிக்கொண்டே இருந்தது, நான்தான் இல்லை.

8. விடுபட்ட கனவு வருமாறு. அதே சுனை. ஆனால் அகலம், வைகை அளவுக்கு அகலம். தண்ணீர் அசையவில்லை. அக்கரையில் என் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அதே கோடுபோட்ட சட்டை. விரல்களிலிருந்து நீலம் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் எத்தனை வருடம் கழுவியும் போகாத நீலம் அங்கே சுலபமாகப் போனது. அது தண்ணீரில் மெல்ல விரிந்து, அல்லிப் பூக்களைச் சுற்றிக்கொண்டு, என் பக்கம் வந்தது. அவசரப்படவில்லை. எனக்கும் அவசரமாக இல்லை. ஏழு வருடம் என்பது அந்தத் தண்ணீரைக் கடக்க ஆகிற நேரம்தான் என்று எனக்கு அங்கே தெளிவாகத் தெரிந்தது. விழித்தபின் அந்தத் தெளிவு இல்லை. நீலம் இக்கரைக்கு வந்து என் கால் விரலைத் தொட்டது. ஜில்லென்று இருந்தது. அவர் எழுந்தார். கையை உதறினார். இரண்டு கையையும் விரித்து, சுத்தமாகிவிட்டது பார் என்பது போல எனக்குக் காட்டினார். ஒரு காலைத் தூக்கினார்.

9. அப்போது டக், டக் என்று கேட்டது. கூரையில் வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் இரண்டு கல்லுடன். தூக்கிய காலை என் கணவர் எந்தப் பக்கம் வைக்கப் போனார் என்று தெரியாமலே போயிற்று. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "ஏன்யா எழுப்புன? ஏன்?" என்று வகுப்பில் கத்துவது போல் கத்தினேன். அவர் பதில் பேசாமல் லேசாகச் சிரித்தார். எனக்கு வழி காட்டுவது போல் வாசல் பக்கம் கையை நீட்டினார். மலை இறங்கும்வரை அழுதுகொண்டே வந்தேன். திங்கள்கிழமை, ஆசிரியர் தினத்துக்குப் பிள்ளைகள் கொடுத்த செவ்வந்திப் பூக்கள் மேசையில் கிடக்க, தங்களுக்குப் புகார் எழுதினேன்.

10. காலாண்டு விடுமுறையில், 30-9-1983 வெள்ளியன்று, பாதிக் கனவின் மீதியைக் கேட்க மறுபடியும் போனேன். ஆவணி முடிந்துவிட்டதால் பலிக்காது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. குகைக்குக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. புதிதாக வந்திருந்த காவலாளி அடிவாரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பழைய ஆளை ஒரு டீச்சர் எழுதிப்போட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். அந்த டீச்சர் நான்தான் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வீடு எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

11. ஆண்டிச்சாமியின் வீடு அடிவாரத்துக் காலனியில் கடைசி ஓட்டு வீடு. போன உடனே, புகார் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "தெரியும் டீச்சர். வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்றார். அவர் மனைவி முத்துத்தாய் மோர் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அதன் பிறகுதான் அவர் பேசினார். அவர் வாய்மொழியை மாற்றாமல் எழுதுகிறேன். விசாரணை நடந்திருந்தால் தாங்களே கேட்டிருக்க வேண்டிய வாக்குமூலம் இது:

"ஆரு எதுக்குப் படுத்திருக்காங்கன்னு நான் கேக்க மாட்டேன் டீச்சர். சொவத்தோரமா உக்காந்து மொகத்த மட்டும் பாத்துக்கிட்டே இருப்பேன். மொகம் சிரிச்ச மாதிரி வந்துருச்சுன்னா ஒடனே தட்டிருவேன். அதுக்கு மேல ஓட விட்டா மலை என்னத்தக் காட்டும்னு ஆரு கண்டா? நீங்க அம்புட்டு அழகாச் சிரிச்சீங்க. அதான் தட்டுனேன். மலையில வச்சுக் காரணஞ் சொல்லப்படாது. அதான் ஒண்ணுஞ் சொல்லல."

நான் சிரித்தேன் என்பது எனக்கே தெரியாது. ஏழு வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததற்கு இருக்கும் ஒரே சாட்சியைத்தான் நான் வேலையிலிருந்து துரத்தியிருக்கிறேன்.

12. (இந்தப் பத்தியைத் தாங்கள் மட்டும் படிக்க வேண்டும். இதன் நகலை அவர் வீட்டு முகவரிக்கு அனுப்பக் கூடாது. முத்துத்தாய்க்குப் படிக்கத் தெரியாது, ஆனால் தபால்காரர் படித்துக் காட்டுவார்.) அவர்களுடைய ஒரே மகன் பேயாண்டி, கிணறு வெட்டும் கூட்டத்தோடு எட்டு வருடத்துக்கு முன் வடக்கே போனவன் திரும்பவில்லை. ஆண்டிச்சாமியும் மலையில் படுத்துக் கேட்டிருக்கிறார். மகன் அக்கரையில் வந்து நின்றான், அப்பனைப் பார்த்துச் சிரித்தான், குனிந்து தண்ணீர் குடித்தான், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு உச்சியைப் பார்த்துப் போய்விட்டான். "எனக்குத் தட்டுறதுக்கு அன்னைக்கு ஆளு இல்ல டீச்சர்" என்றார். வீட்டுக்கு வந்து, தூக்கமே வரவில்லை, கனவும் வரவில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். இன்றுவரை அப்படித்தான் சொல்லிவருகிறார். அதற்குப் பிறகுதான் யார் யாரையோ பிடித்துச் சொல்லி இந்தக் காவல் வேலைக்கு வந்திருக்கிறார். 1981-இல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர்களிடம், வீட்டில் மூன்று பேர் என்று முத்துத்தாய் சொல்லியிருக்கிறார். ஆண்டிச்சாமி பக்கத்தில் நின்றுகொண்டு ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். நானும் அந்த வருடம் என் வீட்டில் இரண்டு பேர் என்றுதான் எழுத வைத்தேன். அரசாங்கத்துக்குத் தப்பான தகவல் கொடுத்ததில் நாங்கள் கூட்டாளிகள்.

13. கற்படுக்கைகளில் படுப்பது விதிப்படி குற்றம் என்று அடிவாரப் பலகையில் எழுதியிருப்பதை நான் படித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லி ஒரு பழியிலிருந்து ஆண்டிச்சாமியை மீட்டால், ஆட்களைப் படுக்கவிட்டார் என்ற இன்னொரு குற்றத்தில் மாட்டிவிடுவேன் என்பதும் தெரிகிறது. ஒரு வாரமாக இதை நினைத்து நினைத்து நான்கு தாள்களைக் கிழித்துப் போட்டேன். பிறகு, இந்த முறையும் எதையாவது விட்டுவிட்டு எழுதினால் அது இன்னும் யாரைக் கெடுக்குமோ என்று பயந்து முழுவதையும் எழுதிவிட்டேன். படுத்தவள் நான். பலகையைப் படித்துவிட்டுப் படுத்தவள். தண்டனை உண்டென்றால் எனக்குக் கொடுங்கள், என் கல்வி அதிகாரிக்கும் எழுதுங்கள். ஒன்று மட்டும் கேட்க ஆசை. படுப்பதற்கென்றே வெட்டிய இடத்தில் இரண்டாயிரம் வருடமாக ஆட்கள் படுத்துத்தானே அந்தக் கல் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது?

14. மலையைப் பாதுகாப்பது தங்கள் கடமை. ஆண்டிச்சாமி இருந்த ஆறு வருடத்தில் குகைச் சுவரில் ஒரு பெயர் கிடையாது, ஒரு கரிக்கோடு கிடையாது. தூங்குகிறவர்கள் இருக்கும் இடத்தில் யாரும் சத்தம் போட மாட்டார்கள், அடுப்பு மூட்ட மாட்டார்கள், கிளை ஒடிக்க மாட்டார்கள். அவர் போன பத்தே நாளில், கம்பிக் கதவுக்கு வெளியே இருக்கும் பாறையில் யாரோ தாரால் இரண்டு பெயரும் ஓர் அம்பும் எழுதியிருக்கிறார்கள். சுனைக்கரை இச்சி மரத்தில் ஒரு பெரிய கிளையைக் காணோம், ஆடுகள் ஏறி மேய்ந்திருக்கின்றன. கதவுக்குப் பூட்டு இருக்கிறது. மலைக்குத்தான் ஆள் இல்லை.

15. ஆகவே நான் வேண்டிக்கொள்வது: பார்வை ஒன்றில் கண்ட என் புகாரைக் கோப்பிலிருந்து நீக்கி, அந்த இடத்தில் இந்த மனுவை வைக்க வேண்டும். திரு. ஆண்டிச்சாமி எந்த முறைகேடும் செய்யவில்லை, என்னைத் தொடவில்லை, என் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று எழுத்தில் பதிவு செய்து, அவரை அதே மலையில், அதே வேலையில் மீண்டும் அமர்த்த வேண்டும். முறைகேடு என்ற சொல்லை அடிவாரத்தில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். முத்துத்தாய் குழாயடிக்குத் தனியாகத்தான் போகிறார். அதனால் ஆண்டிச்சாமியை அமர்த்தும் உத்தரவை அங்கே நாலு பேர் முன்னால் வாசிக்க ஏற்பாடு செய்தால் நல்லது.

16. என் கணவரைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அது தங்கள் அலுவலக வரம்புக்குள் வராது. ஹரிராமிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கார்த்திகை வேண்டாம் என்று. என் கணவர் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டால், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சுனைக்கரையில் நிற்கிறார் என்று சொல்வேன். கை சுத்தமாக இருக்கிறது, முகம் நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் தெரிந்துகொள்ள என்றாவது எனக்குத் துணிவு வரலாம். அடுத்த ஆவணியிலோ, அதற்கு அடுத்த ஆவணியிலோ, நான் போய் அந்த மூன்றாவது படுக்கையில் படுப்பேன். அன்று கதவு பூட்டியிருக்குமா திறந்திருக்குமா என்பதைத் தாங்கள் முடிவு செய்துகொள்ளலாம். சுவரோரத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆண்டிச்சாமி இருக்க வேண்டும். எப்போது எழுப்புவது என்பதை இனி அவரிடமே விட்டுவிடுகிறேன்.

இத்துடன் ஒரு சிறு துணிப்பை இணைத்துள்ளேன். வேலையை விட்டு நீக்கியபோது சட்டை, தடி, விசில், சாவி ஆகியவற்றைத் தங்கள் அலுவலகம் எழுதி வாங்கிக்கொண்டது. இந்த இரண்டையும் யாரும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது, "இனி எனக்கெதுக்கு டீச்சர், நீங்களே வச்சுக்கங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார். பாதுகாக்கப்பட்ட மலையின் பொருளை நான் வீட்டில் வைத்திருப்பது முறையல்ல. தாங்களே அவர் கையில் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

இடம்: விளாங்குடி
நாள்: 10-10-1983

பிழையைத் தன் கையாலேயே திருத்தக் கடமைப்பட்டுள்ள,
து. கனகலட்சுமி
(கையொப்பம்)

இணைப்பு: கூழாங்கற்கள் – இரண்டு.